பெரியப்பா வாங்கிய குத்துகள்: ஓய்வுபெற்ற குத்துச்சண்டை வீரர்களின் மூளைக்கு என்ன ஆகிறது?

[காட்சி: பாம்பன் சாலைப் பாலம், விடியற்காலை. கீழே வள்ளங்கள் கரை திரும்புகின்றன. காற்றின் சத்தம்.]

வணக்கம். பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று பேசுகிறேன். இங்கே இருக்கும் பழைய ரயில் பாலத்தின் கதை நம் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். 1914-இல் திறந்தார்கள். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்தது, இந்தப் பாலத்தையும் பிய்த்துப் போட்டது. அவ்வளவு பெரிய அடியை 46 நாளில் சரிசெய்து மறுபடி ரயில் விட்டார்கள். 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியது புயலால் அல்ல. வருஷக்கணக்காக உப்புக்காற்று கொஞ்சம் கொஞ்சமாக இரும்பைத் தின்றிருந்தது.

குத்துச்சண்டை வீரர்களின் மூளையைப் பற்றிப் பேச வந்தவன் பாலத்தைப் பற்றி ஏன் சொல்கிறேன் என்றால், என் பெரியப்பாவுக்கும் இதேதான் நடந்தது.

[காட்சி: தங்கச்சிமடம். வீட்டுத் திண்ணை. சுவரில் பட்டாள உடையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். முகம் காட்ட வேண்டாம்.]

பெரியப்பா பட்டாளத்தில் குத்துச்சண்டை ஆடியவர், ஹெவிவெயிட். ஊருக்குத் திரும்பியபோது கம்பீரமாகத்தான் வந்தார். அறுபதை நெருங்கும்போது வீட்டுக்கு வரும் வழியை மறந்தார். பேச்சு குழறியது. யாரையும் அதட்டாத மனுஷன் பெரியம்மாவை அடிக்கக் கை ஓங்கினார். குடித்துவிட்டு வருகிறார் என்று தெருவில் பேசினார்கள். அவர் வாழ்நாளில் குடித்ததே இல்லை. அப்புறம் காற்று கருப்பு என்றார்கள். ஏர்வாடி தர்காவில் சில மாதம் தங்க வைத்தோம். கடைசியில் மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்: "ஐயா எத்தனை வருஷம் குத்துச்சண்டை ஆடினார்? பயிற்சியில எவ்வளவு குத்து வாங்கியிருப்பார்?"

அதுவரை எங்களில் ஒருவரும் அதை யோசித்ததில்லை. அவரை நாக் அவுட் செய்தவர் யாருமே இல்லை என்பதுதான் எங்கள் குடும்பத்துப் பெருமை.

[காட்சி: பனங்காடு. ஒருவர் அரிவாளால் பனங்காயைச் சீவுகிறார். நுங்கு குலுங்குவது நெருக்கத்தில்.]

தலைக்குள் நடப்பதைப் பார்ப்போம். மூளை ஏறத்தாழ 1.4 கிலோ இருக்கும். நுங்கு மாதிரி மெத்தென்று, மண்டையோட்டுக்குள் நீரில் மிதக்கிறது. பனங்காயை ஓங்கித் தரையில் போட்டால் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நுங்கு சிதைந்திருக்கும், பார்த்திருப்பீர்கள். தலையிலும் அப்படித்தான்.

குத்தின் வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு. 1985-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஃபிராங்க் புருனோ என்ற ஹெவிவெயிட் வீரரின் குத்தை ஆய்வகத்தில் அளந்தார்கள். 6 கிலோ மரச் சம்மட்டி ஒன்று மணிக்கு 32 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதுவதற்குச் சமம் என்று வந்தது. 90 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் சண்டையிடும் பிரிவு இது, எடை கூடக் கூட அடியும் கனக்கும்.

நேராக விழும் குத்தைவிட, தாடையில் பக்கவாட்டில் விழுந்து தலையைச் சுழற்றும் குத்துதான் மோசம். மண்டையோடு திரும்பிவிடும், மூளை ஒரு கணம் பிந்தித் திரும்பும். அந்த ஒரு கணத்தில் உள்ளே இருக்கும் நரம்பு இழைகள் இழுபடும். தங்கூசி வலை பாறையில் மாட்டி இழுபடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். வலை அறுவதில்லை, ஆனால் அந்த இடம் நைந்துபோகும்.

அந்த இழைக்குள் சத்துகளைக் கொண்டுபோக நுண்ணிய குழாய்கள் உண்டு. அவற்றைக் கட்டி நிறுத்தும் புரதத்தின் பெயர் டாவ். இழை திரும்பத் திரும்ப நைந்தால் டாவ் கழன்று, சிக்கு விழுந்த வலை மாதிரி முடிச்சு முடிச்சாகத் திரளும். மூளையின் மடிப்புகளின் அடியில், சிறு ரத்தக் குழாய்களைச் சுற்றித்தான் இது தொடங்குகிறது. சண்டையை நிறுத்திப் பல வருஷம் கழித்தும் பரவும். இதைத்தான் மருத்துவர்கள் சுருக்கமாக சி.டி.இ என்கிறார்கள். இறந்த பிறகு மூளையை வெட்டிப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும். அதனால் பெரியப்பாவின் சீட்டில் மருத்துவர் 'சந்தேகம்' என்றுதான் எழுதினார். அது சரிதான்.

[காட்சி: பழைய மெட்ராஸ் சுவரொட்டி போன்ற வரைபடம். இரண்டு வீரர்களின் நிழலுருவங்கள்.]

இது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1928-இலேயே ஹாரிசன் மார்ட்லாண்ட் என்ற அமெரிக்க மருத்துவர், குடிக்காமலே குடிகாரர் போல் தள்ளாடும் குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி எழுதினார். நம் தெருவில் பெரியப்பாவைப் பற்றிச் சொன்ன அதே சொல். 1969-இல் பிரிட்டனில் 224 முன்னாள் தொழில்முறை வீரர்களைப் பரிசோதித்தபோது சுமார் 17 சதவீதம் பேருக்கு நரம்பு மண்டலத்தில் பாதிப்பு இருந்தது. நீண்ட காலம் ஆடியவர்களிடம் கூடுதல்.

1980-இல் முகமது அலி மெட்ராஸுக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். பார்க்க வந்திருந்தார். ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழும் நாள் அது. நான்கே வருஷத்தில், 1984-இல், அலிக்கு பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. எல்லிஸ் மறதி நோயோடு வாழ்ந்து 2014-இல் இறந்தார். அந்த மேடையில் ஏறிய இருவரும்! அலியின் நோயில் அடிகளுக்கு எவ்வளவு பங்கு என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் ஒரே கருத்து இல்லை. ஜெர்ரி குவாரியின் விஷயத்தில் அந்தச் சந்தேகம் இல்லை. அலியோடு இரண்டு முறை மோதிய அவர், கடைசிக் காலத்தில் தானாக உடுத்திக்கொள்ளக்கூட முடியாமல், 1999-இல் 53 வயதில் போய்ச் சேர்ந்தார்.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. ஜார்ஜ் ஃபோர்மேன் 45 வயதில் மறுபடி உலகச் சாம்பியன் ஆனார், 76 வயது வரை தெளிவாகப் பேசினார். மரபணுவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இருந்தாலும் வாங்கிய குத்துகளின் மொத்தக் கணக்கை யாரும் தள்ளிவிட முடியாது.

அந்தக் கணக்கில் பெரும்பகுதி மேடையில் விழுவதில்லை, ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டையில் விழுகிறது. பயிற்சி என்ற பெயரில், வாரத்தில் பல நாள், மயக்கம் போடாத, யாரும் எண்ணாத குத்துகள். ஹெட்கார்டு என்ற தலைக்கவசம் போட்டால் போதும் என்று நினைக்கிறோம். அது புருவம் கிழியாமல் காக்கும், உள்ளே மூளை சுழல்வதைத் தடுக்காது. 2013-இல் ஆண்களின் உயர்மட்ட அமெச்சூர் போட்டிகளில் ஹெட்கார்டையே எடுத்துவிட்டார்கள்.

நிறுத்தினால் பலன் உண்டா? உண்டு. அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் சண்டை வீரர்களை வருஷக்கணக்கில் தொடர்ந்து பரிசோதிக்கும் ஒரு பெரிய ஆய்வு நடக்கிறது. சண்டையை நிறுத்தியவர்களின் நினைவும் சிந்தனை வேகமும் காலப்போக்கில் மேம்பட்டன, தொடர்ந்து ஆடியவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை என்று 2022-இல் அது சொன்னது.

[காட்சி: பெரியம்மா மாத்திரைப் பெட்டியில் மாத்திரை அடுக்குகிறார். கைகள் மட்டும்.]

நோயைத் திருப்பி அனுப்பும் மருந்து இல்லை. ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, தூக்கம், மனச்சோர்வு இவற்றைக் கவனித்தால் மிச்சம் இருக்கும் மூளை நன்றாக வேலை செய்யும். பெரியப்பாவுக்கு அழுத்த மாத்திரையும் மனச்சோர்வுக்கு மாத்திரையும் ஆரம்பித்த மூன்றாவது மாதம், கை ஓங்குவது நின்றது. பெரியம்மா அன்றைக்கு என்னிடம் சொன்னது: "அவர் கெட்டுப்போகலப்பா. அவருக்கு நோவு." இந்த ஒரு விஷயம் பத்து வருஷம் முன்பே எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்து நினைத்து வருந்துகிறேன்.

உங்கள் வீட்டில் பழைய வீரர் யாராவது இப்படி மாறிவந்தால் தர்காவுக்கும் கோயிலுக்கும் போங்கள், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கூடவே நரம்பியல் மருத்துவரிடமும் போங்கள். அவர் குத்துச்சண்டை ஆடியதை முதலிலேயே சொல்லுங்கள். மனநலத்துக்கு 14416 என்ற எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

[காட்சி: மாலை. மண்டபம் கடற்கரை மணலில் பையன்கள் கயிறு தாண்டுகிறார்கள்.]

பெரியப்பாவின் பேரனுக்கு 16 வயது. அவனும் குத்துச்சண்டைதான் ஆடுவேன் என்கிறான். பெரியம்மா தடுக்கவில்லை. பயிற்சியாளரிடம் போய்ப் பேசினார்: தலையில் குத்து விழும் ஸ்பாரிங் வாரத்துக்கு ஒரு நாள்தான், தலை சுற்றினால் அன்றைக்கு மறுபடி மேடை ஏறக்கூடாது, மருத்துவர் சொல்லாமல் திரும்பக்கூடாது. அவர் ஒத்துக்கொண்டார். வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு காலண்டர் தொங்குகிறது. ஸ்பாரிங் நடந்த நாளைப் பேரன் சிவப்பில் வட்டமிடுகிறான், தலை வலித்த நாளில் பெரியம்மா நீலத்தில் கோடு போடுகிறார். போன மாதத்தில் இரண்டு வட்டம், ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கு அடுத்த இரண்டு வாரமும் வட்டம் இல்லை.