சந்திப்பு நிலையம் யார் கையில்?

அனைவருக்கும் வணக்கம். பன்னாட்டு அரசியலில் இப்போது நடக்கும் ஆய்வுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். போர்க்கப்பலையும் ஏவுகணையையும் எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் விழுப்புரத்தில் தொடங்குகிறேன்.

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் ரயிலும் மயிலாடுதுறைக்குப் போகும் ரயிலும் அந்தச் சந்திப்பைத் தொட்டுத்தான் போகின்றன. காட்பாடித் தடமும் அங்கேதான் வந்து சேர்கிறது. ராத்திரி அங்கே ஒரு சிக்னல் பழுதானால் ராக்ஃபோர்ட்டும் நிற்கும், பாண்டியனும் நிற்கும். அதே பழுது திருக்கோவிலூரில் வந்தால்? காட்பாடி வண்டியில் இருப்பவர்கள் மட்டும் கொட்டாவி விடுவார்கள். ரயில்வே வரைபடத்தில் இரண்டும் புள்ளிகள்தான். ஆனால் புள்ளிக்குப் புள்ளி வித்தியாசம் உண்டு.

2019-இல் ஹென்றி ஃபாரல், ஆபிரகாம் நியூமன் என்ற இரண்டு பேராசிரியர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் கரு இதுதான். நாடுகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதையே ஆயுதமாக்கலாம் என்றார்கள். கேட்டால் புதிதாகத் தோன்றாது. நாஜி ஜெர்மனி தென்கிழக்கு ஐரோப்பாவின் சிறிய நாடுகளை வணிகத்தால் வளைத்துப் போட்டதைப் பொருளாதார அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1945-லேயே எழுதிவிட்டார். 1977-இல் கோஹேன், நை என்ற இரண்டு அமெரிக்க அரசியல் அறிஞர்கள், சமமில்லாத சார்பு அதிகாரத்தைத் தரும் என்றார்கள். ஆனால் அதெல்லாம் பெரும்பாலும் நீ, நான் என்ற இருவர் கணக்கு. ஃபாரலும் நியூமனும் வலைப்பின்னல் முழுவதையும் பார்த்தார்கள். எல்லா வண்டியும் எந்தச் சந்திப்பைக் கடக்கிறது, அந்தச் சந்திப்பு யாருடைய சட்டத்துக்குக் கட்டுப்பட்டது என்று கேட்டார்கள்.

ஸ்விஃப்ட் என்ற பெயரை வங்கிப் படிவத்தில் பார்த்திருப்பீர்கள். 1973-இல் பெல்ஜியத்தில் வங்கிகளே சேர்ந்து அமைத்த கூட்டுறவு அது. பணத்தை அது கொண்டுபோவதில்லை. ‘இவருக்கு இவ்வளவு கொடு’ என்ற செய்தியை மட்டும் கொண்டுபோகும். தந்தி ஆபீஸ் மாதிரி. இன்று 200-க்கும் மேற்பட்ட நாடுகளில் 11,000-க்கும் அதிகமான நிறுவனங்கள் அதில் இருக்கின்றன. அதன் ஒரு தரவு மையம் அமெரிக்க மண்ணில் இருந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க நிதித்துறை ஆணை அனுப்பி அந்தச் செய்திகளை வாங்கிப் பார்க்கத் தொடங்கியது. 2006-இல் பத்திரிகைகள் எழுதிய பிறகுதான் உலகுக்கே விஷயம் தெரிந்தது. சந்திப்பில் உட்கார்ந்திருப்பவர் செய்யக்கூடிய முதல் வேலை இது: வேடிக்கை பார்ப்பது.

இரண்டாவது வேலை, கதவைச் சாத்துவது. 2012 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தின் முடிவால் ஈரானிய வங்கிகள் ஸ்விஃப்டிலிருந்து வெளியேற்றப்பட்டன. இங்கேதான் நம்ம மணலி வருகிறது. 1965-இல் அங்கே இருக்கும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைக்கான நிறுவனத்தைத் தொடங்கிய கூட்டாளிகள் யார் தெரியுமா? இந்திய அரசு, ஓர் அமெரிக்க எண்ணெய் நிறுவனம், ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனம். இன்றைக்கு அந்த மூவரை ஒரே மேசையில் உட்கார வைக்க முடியுமா, யோசித்துப் பாருங்கள்! தடைக் காலத்தில் ஈரான் எண்ணெய்க்கான விலையில் ஒரு பகுதியை இந்தியா கொல்கத்தாவின் யூகோ வங்கி வழியாக ரூபாயில் கொடுத்தது. ஈரான் அந்த ரூபாயில் நம்மிடமே பாஸ்மதி அரிசி வாங்கிக்கொண்டது. கெட்டிக்கார ஏற்பாடு. ஆனாலும் 2018-இல் டிரம்ப் ஈரானுடனான அணுசக்தி ஒப்பந்தத்திலிருந்து விலகி, ஈரான் எண்ணெய் வாங்க இந்தியா போன்ற நாடுகளுக்குத் தந்திருந்த விலக்குகளையும் 2019 மே மாதத்தில் முடித்ததும், ஈரான் எண்ணெய் வாங்குவதை இந்தியா நிறுத்திக்கொண்டது.

நாம் மட்டும் அல்ல. பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து ஸ்விஃப்டையும் டாலரையும் சுற்றிக்கொண்டு ஈரானோடு வணிகம் செய்ய 2019-இல் இன்ஸ்டெக்ஸ் என்று ஒரு தனி வழி போட்டன. 2020-இல் மருத்துவப் பொருளுக்காக ஒரே ஒரு பரிமாற்றம் நடந்தது. 2023-இல் கடையை மூடிவிட்டார்கள். மூன்று பெரிய பொருளாதாரங்கள் சேர்ந்து போட்ட மாற்றுப்பாதையில் ஒரு வண்டிதான் ஓடியது! ஸ்டேஷன் கட்டிவிடலாம், அதில் ஏற ஆள் வேண்டுமே. நியூயார்க்கில் கணக்கு வைத்திருக்கும் எந்த வங்கி அமெரிக்கத் தடைக்கு அஞ்சாமல் அந்த வண்டியில் ஏறும்?

அந்த 2019 கட்டுரையில் எனக்குப் பிடித்த பகுதி இன்னொன்று உண்டு. மேற்கோள் காட்டுபவர்கள் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சந்திப்பு உன் ஊரில் இருந்தால் மட்டும் போதாது, அதை மூடித் திறக்கச் சட்டமும் அலுவலகமும் வேண்டும் என்கிறார்கள் ஃபாரலும் நியூமனும். சீனாவைப் பாருங்கள். 2010-இல் தீவுத் தகராறில் ஜப்பானுக்குப் போகும் அரிய மண் தனிமங்களை, அதாவது காந்தமும் மின்னணுப் பொருளும் செய்யத் தேவையான உலோகங்களை, சீனா தடுத்ததாகச் செய்தி வந்தது. பெய்ஜிங் அப்படி எதுவும் இல்லை என்றது. எழுத்தில் ஆணை கிடையாது, துறைமுகத்தில் சரக்கு நகரவில்லை, அவ்வளவுதான். பத்தாண்டில் நிலைமை மாறியது. 2020-இல் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2023-இல் சிப் செய்ய உதவும் காலியம், ஜெர்மானியத்தை ஏற்றுமதி செய்ய உரிமம் வேண்டும் என்றானது. 2025 ஏப்ரலில் ஏழு அரிய மண் தனிமங்களுக்கு உரிமம்.

இந்தக் கோட்பாட்டில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. கதவைச் சாத்த முடியும் என்று காட்டுகிறது. சாத்தினால் எதிராளி பணிவாரா என்பதற்கு அதில் பதில் மெலிவு. 2022-இல் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 300 பில்லியன் டாலர் கையிருப்பு முடக்கப்பட்டது. உக்ரைன் போர் நின்றதா?

ஆனால் சீனா என்ற மாணவர் எங்கே பாடம் படித்தார் என்பதைக் கோட்பாடு நன்றாகவே காட்டுகிறது. அமெரிக்கத் தொழில்நுட்பம் பட்ட பொருள் எந்த நாட்டில் தயாரானாலும் தன் சட்டம் அதன்மீது செல்லும் என்பது வாஷிங்டனின் பழைய விதி. 2025 அக்டோபரில் பெய்ஜிங் அதே பாணியில் ஒரு விதி போட்டது: வெளிநாட்டில் தயாரான பொருளாக இருந்தாலும், அதன் மதிப்பில் 0.1 சதவீதம் சீன அரிய மண் தனிமம் இருந்தால் எங்கள் அனுமதி வேண்டும். அந்த மாதக் கடைசியில் டிரம்பும் ஷி ஜின்பிங்கும் பூசானில் சந்தித்தார்கள். விதியை ரத்து செய்யவில்லை, ஓராண்டுக்கு நிறுத்தி வைத்தார்கள். அந்த ஓராண்டு 2026 நவம்பர் 10-இல் முடிகிறது.