மூன்று மனைவிகளும் ஒரு நூலக மனுவும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த நகரமன்ற உறுப்பினர் அவர்களே, வரவேற்புரையிலேயே என் பேச்சில் பாதியைச் சொல்லிவிட்ட செயலாளர் அவர்களே, வேண்டாம் என்று சொல்லியும் எனக்குச் சால்வை போர்த்திய வணிகர் சங்கப் பொருளாளர் அவர்களே, பள்ளி விட்டதும் நேரே இங்கு வந்திருக்கும் மாணவிகளே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். நான் எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை என்று கேலி உண்டு. இன்றும் சொல்கிறேன், காரணம் இருக்கிறது. நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். தப்பியவர்களின் குடும்பங்கள் அப்புறம் என்ன ஆயின என்பதை யூத எழுத்தாளர்கள் கதைகதையாக எழுதியிருக்கிறார்கள். அதில் மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். இறந்ததாக நினைத்தவர் திரும்பி வந்தால் என்ன ஆகும்? பிழைத்தவர்களே ஒருவரையொருவர் ஏன் வெறுத்தார்கள்? பெற்றோர் வாய் திறக்காததைப் பிள்ளைகள் எப்படிச் சுமந்தார்கள்?

முதலாவதற்கு ஐசக் பாஷெவிஸ் சிங்கர். போலந்தில் பிறந்து 1935-ல் அமெரிக்கா போனவர், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் எழுதி 1978-ல் நோபல் பரிசு வாங்கியவர். ‘எதிரிகள்: ஒரு காதல் கதை’ என்ற அவருடைய நாவல் 1966-ல் நியூயார்க்கின் இத்திஷ் பத்திரிகை ஒன்றில் தொடர்கதையாக வந்தது. நாயகன் ஹெர்மன் ப்ரோடர். இரண்டாம் உலகப் போரின்போது அவனை வைக்கோல் பரணில் ஒளித்துவைத்துச் சோறு போட்டுக் காப்பாற்றியவள் யாட்விகா, அவன் வீட்டில் வேலை செய்த போலிஷ் பெண். மனைவி தமாரா சுட்டுக் கொல்லப்பட்டாள் என்று சொல்லிவிட்டார்கள். நன்றிக்கடனாக யாட்விகாவைக் கட்டிக்கொண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் குடியிருக்கிறான். அதே நகரின் பிராங்ஸ் பகுதியில் மாஷா என்று இன்னொருத்தி. அவளும் நாஜி வதைமுகாமிலிருந்து மீண்டவள். யாட்விகாவிடம் என்ன சொல்லிவிட்டுப் போகிறான் தெரியுமா? புத்தகம் விற்க வெளியூர் போகிறேன் என்கிறான்! ஊருக்குள்ளேயே மாஷா வீட்டில் இருந்துகொண்டு, பிலடெல்பியாவிலிருந்து பேசுவதாகப் போன் செய்கிறான். நன்றாகச் சிரியுங்கள், சிங்கரும் சிரிக்கத்தான் எழுதியிருக்கிறார். நம் ஊரில் புத்தகம் விற்கப் போகிறேன் என்றால் எந்த மனைவியும் நம்பமாட்டாள்.

ஒருநாள் செய்தித்தாளில் ஒரு சிறிய அறிவிப்பு. ஹெர்மன் ப்ரோடர் இன்னாரைத் தொடர்புகொள்ளவும் என்று. போட்டவர் தமாராவின் சித்தப்பா முறை. இவன் போகிறான். தமாரா உயிரோடு இருக்கிறாள்! சுட்டார்கள், சாகவில்லை, பிணங்களுக்கு நடுவிலிருந்து தப்பி ரஷ்யாவுக்குப் போயிருக்கிறாள். குண்டு இன்னும் இடுப்பில் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டும் போய்விட்டன. நம் சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் கட்டிப்பிடித்து அழுது ஒரு பாட்டும் வைப்பார்கள். இவர்களோ தயங்கித் தயங்கிப் பேசுகிறார்கள். போருக்கு முன்பே அவர்களுக்குள் ஒட்டுதல் கிடையாது. செத்துப்போன பிள்ளைகள்தான் இருவருக்கும் நடுவில் மிச்சம். அந்தக் குண்டோடு அவள் நியூயார்க் தெருக்களில் நடக்கிறாள், கிண்டலாகப் பேசுகிறாள், கடைசியில் மற்றவர்களைவிட நிதானமாகவும் இருக்கிறாள்.

முடிவையும் சொல்லிவிடுகிறேன். ஹெர்மன் காணாமல் போகிறான். மாஷா உயிரை மாய்த்துக்கொள்கிறாள். யாட்விகாவுக்குப் பிறக்கும் குழந்தைக்கு மாஷாவின் பெயரையே வைத்து, யாட்விகாவும் தமாராவும் சேர்ந்து வளர்க்கிறார்கள். தன் சதை ஆடும் என்றேனே, இங்கே ரத்த சம்பந்தமே இல்லாத இருவர்!

சிங்கரின் சொந்தக் கதையிலும் இது உண்டு. 1935-ல் அவர் அமெரிக்கா போனபோது மகன் சிறு பையன், தாயோடு பிரிந்து போனான். அவர்கள் ரஷ்யா வழியாகப் பாலஸ்தீனம் போய்ச் சேர்ந்தார்கள். தகப்பனும் மகனும் மறுபடி பார்த்தது 1955-ல், நியூயார்க்கில். இருபது வருடம்! அந்த மகன் இஸ்ரேல் சமீர் பிற்பாடு தகப்பனின் கதைகளை எபிரேயத்தில் மொழிபெயர்த்தார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும். ஆனால் அது ஆடியது மொழிபெயர்ப்பில் என்பதைக் கவனியுங்கள்.

இரண்டாவது விஷயத்துக்கு, அமெரிக்க யூத எழுத்தாளர் சிந்தியா ஓசிக்கின் ‘சால்வை’. பொருளாளர் போர்த்தியதும் அதுதான் நினைவுக்கு வந்தது. முகாமில் கைக்குழந்தை மாக்டாவை ரோசா ஒரு சால்வைக்குள் மறைத்து வைத்திருக்கிறாள். அண்ணன் மகளோ அக்காள் மகளோ, ஸ்டெல்லா என்ற சிறுமி, குளிர் தாங்காமல் அதை எடுத்துக்கொள்கிறாள். குழந்தை சால்வையைத் தேடி வெளியே வருகிறது. காவலாள் அதைத் தூக்கி மின்வேலியில் எறிகிறான். பல வருடம் கழித்து ரோசா மயாமியில், ஸ்டெல்லா நியூயார்க்கில். மாதாமாதம் பணம் அனுப்புகிறவள் ஸ்டெல்லாதான். அவளை மன்னிக்காமல், செத்த மகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள் ரோசா. குளிரில் நடுங்கிய ஒரு சிறுமியை எப்படிக் குற்றம் சொல்வது? ரோசாவைத்தான் எப்படிச் சொல்வது?

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி, மூன்றாவதை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். இந்த இரண்டு புத்தகங்களையும் நான் கடன் வாங்கிப் படித்தேன். நம் கிளை நூலகத்தில் இரண்டும் இல்லை. மொழிபெயர்ப்பு என்று இருப்பவை ஓர் அலமாரியின் அடித்தட்டோடு சரி. 1948-லேயே நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது. சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலகத்துக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். மொழிபெயர்ப்புகளுக்குத் தனி அலமாரி வேண்டும், வேலைக்குப் போகிறவர்கள் வர இரவு எட்டு மணிவரை திறந்திருக்க வேண்டும் என்று மனு எழுதி வாசலில் வைத்திருக்கிறோம். நகரமன்ற உறுப்பினர் முதல் கையெழுத்துப் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், இல்லையா ஐயா? தலையாட்டுகிறார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். தேநீர் குடிக்கும் முன் போட்டுவிடுங்கள், முகவரியைத் தெளிவாக எழுதுங்கள். நன்றி, வணக்கம்.