யாருக்காக ஊதும் சங்கு?

ஆயர் பெருமக்களே, தலைமை தாங்கும் மூப்பர் ஐயா அவர்களே, மாதர் சங்கத்துத் தாய்மாரே, பாடகர் குழுவினரே, சிங்கப்பூரின் ஷார்ட் ஸ்ட்ரீட், டோர்செட் ரோடு, ஓஃபிர் ரோடு என்று பல ஆலயங்களிலிருந்து வந்திருக்கும் அன்பர்களே, காலையிலேயே வந்து நாற்காலி போட்டுவிட்டு இப்போது உட்கார இடமில்லாமல் பின்னால் நிற்கும் தம்பிகளே, அனைவருக்கும் ஸ்தோத்திரம். பொன்னாடை வேண்டாம் என்று சொல்லியும் போட்டுவிட்டீர்கள், அதற்கும் நன்றி.

ஆராதனையில் ஆவியானவர் தரும் வரங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பாட்டு, ஜெபம், வியாக்கியானம், அதாவது புரியாத மொழியைப் புரியும்படி எடுத்துச் சொல்வது, என்று மூன்று தலைப்பு எழுதி வந்திருக்கிறேன்.

‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்பது நம் பழமொழி. நாம் எப்போதும் செவிடனைத்தான் குறை சொல்கிறோம். அப்போஸ்தலர் பவுல் அப்படிச் சொல்லவில்லை. கி.பி. 55 வாக்கில் கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில், எக்காளம் விளங்காத சத்தமிட்டால் எவன் யுத்தத்துக்கு ஆயத்தமாவான் என்று ஊதுகிறவனைக் கேட்கிறார். அந்நியபாஷையில், அதாவது ஆவியின் ஏவுதலால் மற்றவர்க்கு விளங்காத மொழியில், பேசுகிறவர்கள் இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒருவர்பின் ஒருவராக. வியாக்கியானம் பண்ண ஆள் இல்லையா, சபையிலே பேசாதிருக்க வேண்டும். தீர்க்கதரிசனம் சொல்கிறவர்களும் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்கள் அதை நிதானிக்க வேண்டும். நம் வேதாகமத்தில் ‘பக்திவிருத்தி’ என்று வரும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் வீடு கட்டுதல் என்று பொருள். கட்டுமான வேலையில் இருக்கும் தம்பிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

பாட்டு. தலைவர் தம் குரலுக்கு வசதியான சுருதியில் எடுக்கிறார். சரணத்தில் சபை மூச்சுமுட்டி நின்றுவிடுகிறது. இரண்டு சுருதி இறக்குங்கள். திரையில் ஒரு நேரத்தில் நாலு வரிக்கு மேல் வேண்டாம். கடைசி வரி முடிந்த பிறகு மாற்றினால் பிந்திவிடும். அதன் கடைசிச் சொல்லுக்கு முன்பே அடுத்த பக்கம் வர வேண்டும். ஜெபத்தைப் பற்றிப் பிறகு.

தரங்கம்பாடிக் கதையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். இன்னொரு தரம் கேட்டால் குற்றமில்லை. 1706இல் சீகன்பால்கு என்ற ஜெர்மன் மிஷனெரி அங்கே வந்து இறங்கினார், டென்மார்க் அரசர் அனுப்பி. ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து மணலில் விரலால் ‘அ’னா ‘ஆ’வன்னா எழுதினார். பிறகு இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வந்தது, ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகளும் வந்தன. எழுத்துகளோ யானை யானையாக இருந்தன! அப்படியே அச்சிட்டால் காகிதம் கட்டாது. சின்ன எழுத்து வார்க்கலாம் என்றால் ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈய மூடியை உருக்கினார்கள். (சிரிப்பு) சிரியுங்கள், ஆனால் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அந்த ஈயத்தில்தான் அச்சேறியது. மொழிபெயர்த்தவர் பேர் நமக்குத் தெரியும். மூடியை உருக்கியவர் பேர் யாருக்குத் தெரியும்? பவுல் 12ஆம் அதிகாரத்தில் அற்புதங்களோடு சேர்த்து, பிறருக்கு உதவி செய்வதையும் ஒரு வரமாக எழுதி வைத்தாரே, அது அந்த ஆளுக்குத்தான்.

நான் எந்த மேடையில் ஏறினாலும் கேட்பதை இங்கும் கேட்கிறேன். ஒவ்வொரு தமிழ்ச் சபையிலும் ஒரு மொழிபெயர்ப்பு மேசை வேண்டும். கொரிந்தியரில் வரும் வியாக்கியானம் ஆவியானவர் தருவது, இது பழகி வருவது, தெரியும். இரண்டுக்கும் அளவுகோல் ஒன்றே: கேட்டவர் ஆமென் சொல்ல முடிந்ததா?

நம் பேரப்பிள்ளைகள் பள்ளியில் தமிழ் படிக்கிறார்கள், வேதாகமத்தில் ‘செய்யப்படக்கடவது’ வந்தால் விழிக்கிறார்கள். தொழிலாளர் விடுதியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் தம்பி, தமிழ் ஆராதனையில் மூன்று பாட்டும் ஆங்கிலத்தில் போனால் வாய் மூடி நிற்கிறார். செவிடர் யாருமில்லை, சங்குதான் சரியில்லை.

மேடையில் நின்று வாக்கியத்துக்கு வாக்கியம் பெயர்த்தால் அரைமணிப் பிரசங்கம் ஒரு மணியாகும். காதொலிக் கருவியே மேல். பெயர்ப்பவர் இரண்டு பேர், 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டும். அதற்கு மேல் போனால் சொற்கள் விடுபடும். சத்தத்தை ஒலி மிக்சர் கருவியிலிருந்து நேராக அவர் காதுக்குக் கொடுங்கள். மண்டப ஒலிபெருக்கியை நம்பினால் எதிரொலியில் பாதி போய்விடும். பிரசங்கக் குறிப்பு வியாழக்கிழமை இரவே அவர் கையில் இருக்க வேண்டும். வசனத்தைச் சொந்தமாகப் பெயர்க்கக் கூடாது. ஆங்கில வேதாகமத்தைத் திறந்து வாசிக்க வேண்டும். பிரசங்கியார் சிலேடை சொன்னால் ‘இது தமிழ் நகைச்சுவை’ என்று சொல்லி விட்டுவிடலாம். தம் சொந்தப் பிரசங்கத்தைச் சேர்க்கிறவரை மட்டும் அடுத்த வாரம் உட்கார வைக்காதீர்கள்.

மூப்பர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். ஜெபம் அப்படியே நிற்கிறது. இன்னொரு கூட்டத்தில் பார்ப்போம். வாசல் மேசையில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். இரு மொழி தெரிந்தவர்கள் பேர் எழுதுங்கள். மொழி வராதவர்கள் கருவிக்கு மின்கலம் மாற்றவாவது எழுதுங்கள், அதற்கு ஆள் கிடைப்பதுதான் கஷ்டம்.