ஜெர்மன் நாடாளுமன்றத்தில் இன்டர்ன்ஷிப்: ஏஜென்சிக்குப் பணம் கட்டாதீர்கள்

வணக்கம் மக்களே! இன்றைக்கு ஊர் சுற்றும் வீடியோ கிடையாது, அறையில் உட்கார்ந்து பேச்சு மட்டும்தான், ஏனென்றால் எனக்கு இன்னும் கோபம் இறங்கவில்லை. திருச்சியிலிருந்து ஒரு தம்பி ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருக்கிறார். ஜெர்மன் நாடாளுமன்றத்தில் இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறோம், பதிவுக் கட்டணம் 35,000 ரூபாய் என்று ஒரு ஏஜென்சி கேட்டிருக்கிறது. "அக்கா, கட்டலாமா?" என்கிறார். கட்டாதீர்கள் தம்பி. ஒரு பைசா கட்டாதீர்கள்!

விஷயம் இதுதான். அப்படி ஒரு திட்டம் நிஜமாகவே இருக்கிறது. இங்கே ஜெர்மனியில் நாடாளுமன்றத்துக்கு புன்டெஸ்டாக் என்று பெயர். அது 1986-லிருந்து நடத்திவரும் சர்வதேச நாடாளுமன்ற உதவித்தொகை. அப்போது நாடாளுமன்றம் பான் நகரத்தில் இருந்தது, 1999-ல்தான் பெர்லினுக்கு வந்தது. ஒவ்வொரு வருடமும் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை, பல நாட்டுப் பட்டதாரிகள் வந்து ஆளுக்கொரு எம்.பி. அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்கள். பெர்லினின் மூன்று பெரிய பல்கலைக்கழகங்களும் இதில் கூட்டு, அதனால் அங்கே போய் வகுப்பிலும் உட்காரலாம்.

என் ஜார்ஜியா தோழியைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். அமெரிக்க மாநிலம் இல்லை, காகசஸ் மலைப்பக்கம் இருக்கும் நாடு. அவள் இப்போது இதில்தான் இருக்கிறாள். கேளுங்கள், அவளுக்கு மாத உதவித்தொகை உண்டு, காப்பீடு உண்டு, ஊரிலிருந்து வந்து போகும் செலவு உண்டு, இதெல்லாம் போக தங்குமிடம் இலவசம். பெர்லினில்! இலவசம்! நான் அறை தேடிய வீடியோ பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், பொதுச் சமையலறை, அதற்கு 700 யூரோ கேட்டார்கள், அது போக மூன்று மாத வாடகை முன்பணம். அந்த அறையைப் பார்க்க எனக்கு முன்னால் மாடிப்படி முழுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அவளோ பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள், சாவியை வாங்கினாள், தூங்கினாள். வாடகை கவலை இல்லாவிட்டால் ஒருவர் எவ்வளவு நிம்மதியாக வேலை கற்றுக்கொள்ள முடியும் என்று அவளைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

சரி, வேலை. சும்மா காபி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை இல்லை. தொகுதியிலிருந்து வரும் கடிதங்களைப் படித்துப் பிரிப்பது, குழுக் கூட்டத்துக்கு முன்னால் குறிப்பு எடுத்துக் கொடுப்பது, கூட்டத்தில் பின்னால் உட்கார்ந்து கேட்பது, எம்.பி.யோடு அவர் தொகுதிக்கே போய்ப் பார்ப்பது. ஒரு பாட்டி தன் ஊர் ரயில்வே கேட் மூடியே கிடக்கிறது என்று பேனாவால் மூன்று பக்கம் எழுதியிருந்தாராம். அந்தக் கையெழுத்தைப் படிக்கவே பாதி நாள் போய்விட்டது, ஆனால் பதில் வரைவை எழுதியது வேறு நாட்டுப் பெண்ணான இவள்! எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. தன் அலுவலகத்துக்குள் வெளிநாட்டு இளைஞரை விட்டு, உள்ளே எப்படி நடக்கிறது என்று காட்ட ஒரு நாட்டுக்குத் தைரியம் வேண்டும்.

அவள் சொல்லித்தான் நேற்று பார்வையாளர் மாடத்தில் இடம் பதிவு செய்து போனேன். பை, கோட் எல்லாம் வெளியே கொடுத்துவிட வேண்டும். போட்டோ, வீடியோ கிடையாது, கை தட்டவும் கூடாது. ஒரு மணி நேரம். எனக்கு எம்.பி.க்களைவிட நடுவில் உட்கார்ந்து சுருக்கெழுத்து எழுதுபவர்கள்மேல்தான் கண். சில நிமிடம் எழுதுகிறார்கள், அடுத்தவர் சத்தமே இல்லாமல் வந்து உட்கார, முன்னவர் எழுந்து போகிறார். பேச்சு ஒரு நொடி நிற்கவில்லை. அப்புறம் கட்டிடத்தின் மேலே கண்ணாடிக் குவிமாடம், அதற்கும் நுழைவு இலவசம்தான்.

ஆங், முக்கியமானதை விட்டுவிட்டேன். தகுதி. பட்டம் முடித்திருக்க வேண்டும், வயது 30-க்குள், ஜெர்மன் மொழி குறைந்தது பி2, அதாவது ஓரளவு சரளமாகப் பேசி எழுதும் நிலை. ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்க முடியாது, நேர்காணலே ஜெர்மனில்தான். பட்டியலில் உள்ள நாட்டின் குடிமக்களுக்கு மட்டும்தான் வாய்ப்பு, அந்தப் பட்டியல் புன்டெஸ்டாக் இணையதளத்திலேயே இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணமும் கிடையாது, நடுவில் ஏஜென்ட்டும் கிடையாது. பிறகு எதற்கு அந்த 35,000?

தம்பி, எம்.பி. அலுவலக வேலைதான் ஆசை என்றால் டெல்லியிலேயே வழி இருக்கிறது. பி.ஆர்.எஸ். (PRS) என்ற சட்டமியற்றல் ஆய்வு அமைப்பு நடத்தும் லேம்ப் (LAMP) ஃபெல்லோஷிப்பைப் பாருங்கள். பட்டதாரியாக இருக்க வேண்டும், வயது 25-க்குள், மழைக்காலக் கூட்டத்தொடரில் ஆரம்பித்து பட்ஜெட் கூட்டத்தொடர் வரை ஒரு எம்.பி.யோடு வேலை, மாதாமாதம் உதவித்தொகையும் தருகிறார்கள். ஜெர்மன் வகுப்புக்கும் இன்றைக்கே சேருங்கள், பி2 வர நேரம் எடுக்கும். அந்த ஏஜென்சி மறுபடி கூப்பிட்டால் நம்பரை பிளாக் பண்ணிவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.