எந்தச் சபை சரி? கிணற்றடியில் ஒரு பெண் கேட்ட கேள்வி

[காட்சி: மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமச் சாலை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. இரண்டு பக்கமும் ரப்பர் விளை. தூரத்தில் கோயில் மணி.]

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை எழும்ப அலாரம் வைக்க வேண்டியதில்லை. முதலில் கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு மணி அடிக்கும். கொஞ்ச நேரத்தில் புராட்டஸ்டண்டுகளான சி.எஸ்.ஐ. சபையின் முதல் மணி. அப்புறம் முக்கில் இருக்கும் இரட்சணிய சேனைக் கூடத்திலிருந்து டிரம் சத்தம் கேட்கும். ரேஷன் கடைக்கு எதிரே மாடியில் பெந்தெகொஸ்தே சபையார் கைத்தட்டிப் பாடத் தொடங்குவார்கள். 2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 47 பேர் கிறிஸ்தவர்கள். தமிழ்நாட்டில் வேறு எந்த மாவட்டத்திலும் இவ்வளவு இல்லை.

நான் ஓய்வுநாள் பள்ளியில், அதாவது சண்டே ஸ்கூலில், பாடம் எடுக்கிறவன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் ஒருநாள் பாடத்தின் நடுவில் கேட்டான்: "சார், இத்தனை சபை இருக்குல்லா, இதுல எது சரியான சபை?" அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன். அது பதிலே இல்லை என்று எனக்கே தெரியும். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இந்த வீடியோவில் சொல்லப் பார்க்கிறேன்.

[காட்சி: பாசி பிடித்த பழைய கிணறு. கப்பி, கயிறு, வாளி.]

இதே கேள்வியை ஒரு பெண் இயேசுவிடமே கேட்டிருக்கிறாள். யோவான் சுவிசேஷம், 4-ஆம் அதிகாரம். சமாரியாவில் சீகார் என்ற ஊர். ஊருக்கு வெளியே யாக்கோபின் கிணறு. உச்சி வெயில். நடந்து களைத்துப்போன இயேசு கிணற்றின் அருகே உட்கார்ந்திருக்கிறார். குடத்தோடு ஒரு பெண் வருகிறாள். தாகத்துக்குக் கொஞ்சம் தண்ணீர் தா என்கிறார். யூதர்கள் சமாரியரோடு ஒட்டும் உறவும் வைத்துக்கொள்ளாத காலம் அது. அவளுக்குத் திகைப்பு. பேச்சு வளர்கிறது. "மொண்டுகொள்ள உமக்குப் பாத்திரம் இல்லை, கிணறும் ஆழம்" என்கிறாள். எங்கள் பாட்டி இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் சிரித்துவிடுவார். நாற்பது வருஷம் கிணற்றில் இறைத்தவர். "சரியாத்தானே கேக்கா" என்பார்.

அப்புறம் இயேசு அவளிடம், உன் புருஷனை அழைத்துக்கொண்டு வா என்கிறார். எனக்குப் புருஷன் இல்லை என்கிறாள். ஐந்து பேர் இருந்தார்கள், இப்போது உன்னோடு இருக்கிறவன் உன் புருஷன் இல்லை. "இதை உள்ளபடி சொன்னாய்" என்கிறார் அவர்.

இந்தப் பெண்ணை மோசமானவளாகக் காட்டி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். அந்த ஐந்து பேரும் செத்துப்போனார்களா, அவளைத் தள்ளிவிட்டார்களா என்று வேதத்தில் எதுவும் இல்லை. இயேசு அவளைத் திட்டவும் இல்லை. அவள் சொன்ன ஒரு சின்ன உண்மையைப் பிடித்துக்கொண்டு, நீ சொன்னது சரிதான் என்கிறார், அவ்வளவுதான். அந்த "உள்ளபடி" என்ற சொல்லைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு அடுத்த பேச்சிலேயே அவள் நம் பையனின் கேள்வியைக் கேட்டுவிடுகிறாள். எங்கள் பிதாக்கள் இந்த மலையில் தொழுதார்கள். எருசலேமில்தான் தொழவேண்டும் என்று நீங்கள் சொல்கிறீர்கள். எது சரி?

[காட்சி: வெயில் காயும் மலைச்சரிவின் படம். மேலே எழுத்து: கெரிசீம் மலை.]

அவள் காட்டியது கெரிசீம் மலையை. அங்கே சமாரியருக்கு ஒரு ஆலயம் இருந்தது. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் யூத ஆட்சியாளர் ஒருவர் படையோடு வந்து அதை இடித்துப்போட்டார். தலைமுறைக்கும் ஆறாத புண் அது. சபைச் சண்டையில் ஆராதனை நின்றுபோன ஊர்க்காரர்களுக்கு அந்த வலி தெரியும்.

இயேசு சொன்ன பதிலில் நாம் வழக்கமாகத் தாண்டிப் போகும் ஒரு வரி இருக்கிறது. நீங்கள் அறியாததைத் தொழுகிறீர்கள், நாங்கள் அறிந்ததைத் தொழுகிறோம் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார். எல்லாம் ஒன்றுதான், போய் எங்கேயாவது கும்பிடு என்று அவர் சொல்லவில்லை. எதை நம்புகிறோம் என்று தேடித் தெரிந்துகொள்வது முக்கியம்தான். ஆனால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளவும் இல்லை. இந்த மலையும் வேண்டாத, எருசலேமும் வேண்டாத காலம் வருகிறது, வந்தேவிட்டது என்கிறார். "தேவன் ஆவியாயிருக்கிறார், அவரைத் தொழுதுகொள்ளுகிறவர்கள் ஆவியோடும் உண்மையோடும் அவரைத் தொழுதுகொள்ளவேண்டும்."

இந்த வசனத்தை வைத்தே நம் பக்கத்தில் சண்டை நடக்கும். ஆவியோடு என்பது எங்களிடம்தான் இருக்கிறது என்று ஒரு சபை. உண்மையான உபதேசம் எங்களிடம்தான் என்று இன்னொரு சபை. கிரேக்க மூலத்தில் உண்மைக்கு வருகிற சொல் அலேதெயா. மறைப்பில்லாமல் இருப்பது என்று அதன் வேரை விளக்குவார்கள். இயேசு அவளிடம் உள்ளபடி சொன்னாய் என்றாரே, அங்கே வருவதும் இதே வேரிலிருந்து பிறந்த சொல்தான். தமிழிலும் பாருங்கள்: உள்ளது, உள்ளம், உண்மை மூன்றும் "உள்" என்ற ஒரே வேர். அதனால்தான் நம் முன்னோர் உள்ளத்துக்கு உண்மை, வாய்க்கு வாய்மை, உடம்புக்கு மெய்ம்மை என்று பிரித்து வைத்தார்கள். ஆண்டவரை உண்மையோடு தொழுவது என்றால், உள்ளதை உள்ளபடி எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்பது. அந்தப் பெண் அதைக் கிணற்றடியிலேயே செய்துவிட்டாள். எந்த மலை என்று கேட்கும் முன்பே செய்துவிட்டாள்.

[காட்சி: கோட்டாறு புனித சவேரியார் பேராலயம். டிசம்பர் திருவிழா. இரவுத் தேர்.]

அப்படியானால் வெளியே செய்கிற வணக்கம் எல்லாம் வீணா என்று கேட்பார்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவில் தேருக்குப் பின்னால் கும்பிடு நமஸ்காரம் செய்து வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? தரையில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து தேர் போகும் தெருவெல்லாம் போவார்கள். நான் சி.எஸ்.ஐ.காரன், எங்களிடம் இந்த வழக்கம் இல்லை. ஆனாலும் ஒருமுறை ஒரு அம்மா என் காலடியில் விழுந்து எழும்பினபோது அவருடைய முழங்கையில் ரத்தமும் மணலும் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது, உதடு மட்டும் அசைந்தது. யோவான் 4-இல் தொழுதுகொள்வதற்கு வரும் கிரேக்கச் சொல்லின் பொருளும் விழுந்து பணிவதுதான். அந்த அம்மாவின் உள்ளத்தில் இருந்ததை அந்த உடம்பு பேசியது என்றே நான் நம்புகிறேன். மெய்யும் தொழவேண்டியதுதான்.

[காட்சி: புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை மதில். உள்ளே டிலனாயின் கல்லறை.]

இனி, நம் மாவட்டத்திலேயே நடந்த ஒரு காரியம். 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர் டிலனாய், பின்னால் திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்தார். அவரிடம் பழகியவர் நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்டன், அரண்மனை அலுவலர். மாடு செத்தது, விளைச்சல் கெட்டது, குடும்பத்தில் அடிமேல் அடி. மனம் உடைந்து போனவரிடம் டிலனாய் வேதத்தில் யோபு புத்தகத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார்.

அந்தப் புத்தகத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். துன்பம் ஏன் வந்தது என்று யோபுவுக்குக் கடைசிவரைக்கும் காரணம் சொல்லப்படவில்லை. அவருடைய சிநேகிதர்கள் பக்தியாகப் பேசுகிறார்கள்: நீ பாவம் செய்திருப்பாய், தேவன் நீதியுள்ளவர், அவரோடு வழக்காடாதே. யோபுவோ தேவனிடம் முறையிடுகிறார், புலம்புகிறார், பிறந்த நாளைச் சபிக்கிறார். கடைசியில் தேவன் யாரைக் கண்டிக்கிறார் தெரியுமா? பக்தியாகப் பேசிய சிநேகிதர்களை. "என் தாசனாகிய யோபு பேசினதுபோல், நீங்கள் என்னைக்குறித்து நிதானமானதைப் பேசவில்லை" என்று. எனக்கு வேதத்திலேயே அதிகம் ஆறுதல் கொடுத்த வரி இது. துக்க வீட்டுக்குப் போய் "எல்லாம் கர்த்தருடைய சித்தம்" என்று சொல்ல வாய் வரும்போதெல்லாம் இந்த வரி என்னைத் தடுத்திருக்கிறது.

நீலகண்டன் 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். சாதி பார்க்காமல் எல்லாரோடும் சமமாகப் பழகினார். அரண்மனைக்கு அது பொறுக்கவில்லை. சங்கிலி, அடி, நாடு கடத்தல் என்று வருஷக்கணக்கில் பாடுபட்டு, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நாகர்கோவிலில் வெடிச்சத்தம் நிற்கவே இல்லை.

மனதை உறுத்தும் ஒன்றையும் சொல்லத்தான் வேண்டும். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அவர் இறந்து நூறு வருஷத்துக்கும் மேல் ஆன பிறகு கட்டின கோயிலில் ஒரு சாதிக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு மறுபக்கம், நடுவே சுவர். ஒரே பீடம், ஒரே பூசை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தச் சுவரை இடித்தார்கள். அங்கே பாடின பாட்டில், சொன்ன ஜெபத்தில் ஒரு எழுத்துப் பிழைகூட இருந்திருக்காது. சுவருக்கு இரண்டு பக்கமும் அதே கர்த்தர் கற்பித்த ஜெபம், "எங்கள் பிதாவே" என்றுதான் தொடங்கியிருக்கும். புராட்டஸ்டண்டுகளாகிய நாம் இதைக் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போகவேண்டாம். நம் சபைத் தேர்தல் நேரத்தில் யார் வீட்டுக்கு யார் போகிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

[காட்சி: மயிலாடி. கல் செதுக்கும் பட்டறைகளின் சத்தம். சி.எஸ்.ஐ. ஆலயம்.]

இங்கே புராட்டஸ்டண்ட் சபை தொடங்கக் காரணமான மயிலாடி மகாராசனைப் பற்றி இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு நான் நீட்டிச் சொல்லவேண்டியதில்லை. தேடலோடு சிதம்பரம் வரைக்கும் நடந்தவர், திரும்பும் வழியில் தஞ்சாவூரில் ஒரு ஆராதனையைக் கண்டு, ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்ற புதுப் பெயரோடு ஊர் வந்தார். அவர் அழைப்பின் பேரில் 1806-இல் ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வந்து சேர்ந்தார். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வெறுங்காலோடு சாதியால் ஒடுக்கப்பட்ட ஒரு மனிதன் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறான். தேடல் என்று நாம் சுலபமாகச் சொல்லும் சொல்லுக்கு அவ்வளவு நீளம்.

ஆனால் தேடுவது நாம் மட்டும் இல்லை. இப்படித் தொழுகிறவர்களைப் பிதா "விரும்புகிறார்" என்று நம் பழைய தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது "தேடுகிறார்" என்ற சொல். அந்தப் பெண் குடத்தோடு வரும் முன்பே அவர் கிணற்றடியில் வந்து உட்கார்ந்திருந்தார் அல்லவா?

[காட்சி: அடுக்களை. அலுமினியப் பானையில் உலை. ஒரு கை அரிசி அளக்கிறது.]

பிடியரிசி தெரியும்தானே? எங்கள் அம்மா தினமும் உலைக்கு அரிசி அளந்து கழுவும் முன், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனியாக ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவார். மாதக் கடைசியில் அது சபைக்குப் போகும். ரேஷன் அரிசி மட்டும் இருந்த மாதங்களிலும் அந்தப் பாட்டில் நிறைந்தது. போடும்போது அம்மா எதுவும் சொல்லமாட்டார். சில நாள் பெருமூச்சு, சில நாள் என் அண்ணன் பெயர். சபையில் அம்மா ஜெபம் செய்து நான் கேட்டதே இல்லை. வாய்விட்டு ஜெபிக்கக் கூச்சம். அந்தப் பிடியரிசிதான் அவருடைய ஆராதனை என்று எனக்குப் புரிய முப்பது வயது ஆகிவிட்டது.

அந்தப் பையன் மறுபடி கேட்டால், நம் சபை என்ன நம்புகிறது, ஏன் நம்புகிறது என்று உட்கார்ந்து பேசுவேன். மற்றச் சபைகள் எங்கே வேறுபடுகின்றன என்றும் மறைக்காமல் சொல்வேன். அதோடு என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாகவேண்டும்.

நானும் என் சித்தப்பா மகனும் விளையின் அதிர்க்கல், அதாவது எல்லைக்கல், தகராறில் மூன்று வருஷம் பேசவில்லை. ஒரே சபை, ஒரே வரிசை, இடையில் ஒரு தூண். திருவிருந்துக்கு அவன் வலதுபக்கமாகப் போவான், நான் இடதுபக்கமாகப் போவேன். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்ற வசனத்தை அந்த மூன்று வருஷத்தில் நானே பிள்ளைகளுக்குப் பாடமாக எடுத்திருக்கிறேன். மனப்பாடமும் செய்யவைத்தேன்.

[காட்சி: ஓட்டு வீட்டின் படிப்புரை. இரண்டு ஜோடிச் செருப்பு.]

போன வருஷம் ஒரு திருவிருந்து ஞாயிறு. முதல் மணி அடித்தது. வேஷ்டி கட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே அவன் வீட்டுக்கு நடந்தேன். என்ன பேசுவதென்று ஒரு வார்த்தைகூட யோசித்து வைக்கவில்லை. படிப்புரையில் ஷேவ் செய்துகொண்டிருந்தான். பாதி முகம் சோப்பு. "உனக்க மேல எனக்குக் கோவம் இருக்கு, இப்பவும் இருக்கு. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். கொஞ்ச நேரம் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் உள்ளே திரும்பி, "எட்டீ, அண்ணனுக்கு ஒரு கட்டன் சாயா போடு" என்றான்.

குடித்து முடிக்கும்போது இரண்டாவது மணி அடித்தது. "கல்லுக்க காரியம் பொறவு பேசுவோம். வா, நேரமாச்சு" என்று பாமாலைப் புத்தகத்தை எடுத்தான்.

[காட்சி: சாலையில் இரண்டு பேர் நடந்து போகிறார்கள். மணிச்சத்தம் தேய்கிறது.]