தரங்கம்பாடிக்குப் பனங்கொட்டை

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் பேரவைத் தலைவர் ஐயா அவர்களே, உடல்நலம் குன்றிய நிலையிலும் மயிலாடுதுறையிலிருந்து பஸ் ஏறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மீறிப் புகழ்ந்த செயலாளர் அவர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

'கடலும் கலகமும் சூழ்ந்த மரபுச் சின்னங்கள்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். கடல் என்ன செய்கிறது, கலகம் என்ன செய்கிறது, நாம் என்ன செய்யப் போகிறோம். 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பார் என் தாயார். அதுவே என் பேச்சுக்குப் பிள்ளையார் சுழி.

தரங்கம்பாடியை எடுத்துக்கொள்கிறேன். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 1620-ல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று டென்மார்க் நாட்டு டேனியர்கள் கட்டிய கோட்டை அருகிலேயே நிற்கிறது. 1706-ல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு வந்து இறங்கியதும் இந்தக் கரையில்தான். 1845-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது.

அந்தக் கோயிலடியில் ஒரு மாலை நின்றிருந்தேன். கருவாடு உலர்த்திக்கொண்டிருந்த ஓர் ஆச்சி, "என்ன தம்பி, ஒரே பக்கமாகப் பார்க்கிறாய்?" என்றார். "கோயிலின் வாசல் எங்கே இருந்தது என்று பார்க்கிறேன், ஆச்சி" என்றேன். அவர் சிரித்தார். கையிலிருந்த கருவாட்டை உதறிக் கூடையில் போட்டார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்துக் கடல் பக்கம் திருப்பினார். "அதோ, அலை உடைகிறதே, தெரிகிறதா? அங்கேதான் எங்கள் அம்மாச்சியின் அடுப்பு இருந்தது. நீ வாசலைத் தேடுகிறாய், நான் அடுப்பைத் தேடுகிறேன்" என்றார். நான் வாயடைத்து நின்றேன். பிறகு என் காலடியைக் காட்டி, "முதலில் அந்தக் கொடியை மிதிக்காமல் நில்" என்று அதட்டினார். குனிந்து பார்த்தேன். அடப்பங்கொடி! ஊதாப் பூவோடு மணலை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

அன்பர்களே, அந்த அதட்டலுக்குள் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1901 முதல் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. வெள்ளம் வருமுன் அணை போடு என்றவுடன் நமக்குக் கருங்கல்தான் நினைவுக்கு வருகிறது. கோயில் முன் பாறை கொட்டியதைக் குறை சொல்ல மாட்டேன். அது அவசர சிகிச்சை. ஆனால் சோழமண்டலக் கரையில் மணல் பெரும்பாலும் தெற்கிலிருந்து வடக்கே நடக்கிறது. குறுக்கே கல்லை நீட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே உள்ள ஊர் கரையும். துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்தபின் புதுச்சேரி தன் மணலை இழந்ததை நாம் பார்த்தோமே!

நாகப்பட்டினம் மாவட்டத்து நாலுவேதபதி 2002-ல் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகள் நட்டுச் சாதனை படைத்தது. இரண்டாண்டுகளில் சுனாமி வந்தபோது அந்த மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்ததாக ஊரார் இன்றும் சொல்கிறார்கள். வெள்ளம் வருமுன் அவர்கள் போட்ட அணை அது.

இரண்டாவது செய்தி கலகம். 1981-ல் யாழ்ப்பாண நூலகத்தில் 90,000-க்கும் மேற்பட்ட நூல்களும் சுவடிகளும் எரிந்தன. அதைப் பேச ஒரு மாலை போதாது. தலைவர் அனுமதித்தால் இன்னொரு நாள் வருகிறேன்.

மூன்றாவது, நாம் என்ன செய்யப் போகிறோம். என் வேண்டுகோள் பனை. பனங்கொட்டையின் முளை முதலில் மேலே வருவதில்லை. மண்ணுக்குள் ஆழமாக இறங்கிய பிறகே இலை எட்டிப் பார்க்கும். கோட்டைக்கும் கோயிலுக்கும் இருபுறமும் மணல்மேடுகளைக் காத்து, அடப்பங்கொடியைப் படரவிட்டு, பின்னால் பனை வரிசை வைக்க அரசு இடம் ஒதுக்க வேண்டும். இதைக் கேட்டு எழுதிய மனுவில் மீனவர் பஞ்சாயத்தார் முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உங்களுக்கான தாள் வாசல் மேசையில் இருக்கிறது. பக்கத்தில் மூன்று மூட்டை பனங்கொட்டை வைத்திருக்கிறோம். ஆளுக்குப் பத்து எடுத்துச் சென்று, வடகிழக்குப் பருவமழைக்கு முன் உங்கள் ஊர் ஏரிக்கரையில் ஊன்றுங்கள். மாணவர்கள் இருபது எடுத்துக்கொள்ளலாம்.