எட்டு ஆண்டு கழித்து வந்த பதக்கம் வெறும் ஆறுதலே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் இருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"தாமதமாகக் கைக்கு வந்த ஒலிம்பிக் பதக்கம் வெற்றியா, வெறும் ஆறுதலா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி, சமோவா நாட்டுப் பளுதூக்கும் வீராங்கனை எலே ஒபெலோகேவை மேடைக்கு அழைத்துவந்தார். "எட்டு வருஷம் கழித்து வந்தால் என்ன, வெள்ளி வெள்ளிதானே?" என்று கேட்டார், கைதட்டல் வாங்கினார், உட்கார்ந்துவிட்டார். நானும் அவரைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். எனக்கு வேலை மிச்சம்.

ஒரு சின்னத் திருத்தம். அந்தப் பெயரை ஆங்கிலத்தில் 'ஜி' போட்டு எழுதுகிறார்கள். சமோவா மொழியில் அந்த எழுத்துக்கு 'ங' ஒலி. ஆகவே அவர் ஒபெலோங்கே. ஙகரத்துக்கு நாமும் எப்போதாவதுதான் வேலை கொடுக்கிறோம், இன்றைக்குக் கொடுத்துவிடுவோம்.

சமோவா பசிபிக் கடலில் இருக்கும் தீவு நாடு. மக்கள்தொகை அப்போது இரண்டு லட்சம்கூட இல்லை. 1984 முதல் ஒலிம்பிக்குக்கு ஆள் அனுப்புகிறார்கள், 2008 வரை ஒரு பதக்கம்கூட வந்ததில்லை. 2008 ஆகஸ்ட், பெய்ஜிங். பெண்கள் பிரிவில் 75 கிலோவுக்கு மேற்பட்டோர் போட்டி. தென் கொரியாவின் ஜாங் மி ரான் மொத்தம் 326 கிலோ தூக்கித் தனி உயரத்துக்குப் போய்விட்டார். அவரை யாரும் நெருங்க முடியாது, அந்தக் கதையை விட்டுவிடுவோம். அடுத்து உக்ரைனின் ஓல்ஹா கொரோப்கா 277. மூன்றாவது கஜகஸ்தானின் மரியா கிரபோவெத்ஸ்கயா 270. நான்காவது நம் ஒபெலோங்கே. எவ்வளவு? 269.

ஒரு கிலோ, நடுவர் அவர்களே. மளிகைக் கடையில் வாங்கும் ஒரு பாக்கெட் சர்க்கரை. பளுதூக்கும் கம்பியில் அதைச் சேர்ப்பதென்றால் இந்தப் பக்கம் அரைக் கிலோ, அந்தப் பக்கம் அரைக் கிலோ. தூரத்திலிருந்து பார்த்தால் அந்தச் சின்ன வில்லை கண்ணுக்கே தெரியாது. அந்த இடைவெளியில்தான் ஒரு நாட்டின் முதல் பதக்கம் போனது.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். பெய்ஜிங்கில் ஊக்கமருந்துச் சோதனைக்காக எடுத்த மாதிரிகளைச் சர்வதேச ஒலிம்பிக் குழு பத்திரமாக வைத்திருந்தது. அன்று கண்ணில் படாத ஊக்கமருந்தின் மிச்சம், புதிய சோதனை முறையில் அகப்பட்டுக்கொண்டது. 2016இல் இரண்டாம் இடமும் மூன்றாம் இடமும் பறிக்கப்பட்டன. ஒபெலோங்கேவுக்கு வெள்ளி. ஐந்தாவதாக வந்த நைஜீரியாவின் மரியம் உஸ்மானுக்கு வெண்கலம்.

"பார்த்தீர்களா, நியாயம் ஜெயித்தது" என்கிறது எதிரணி. நான் கேட்கிறேன், திருத்தியது எதை? தாளில் இருந்த வரிசையை. அன்றைய போட்டியைத் திருத்த முடியுமா? பளுதூக்குதல் ஓட்டப்பந்தயம் மாதிரி இல்லை. ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்சில் மூன்று வாய்ப்பு, முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று வாய்ப்பு. ஒவ்வொரு வாய்ப்புக்கும் எத்தனை கிலோ கேட்பது என்பதைப் பயிற்சியாளர் பலகையில் எதிராளியின் எண்ணைப் பார்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்வார். எதிராளி கேட்ட எடையில் மருந்து கலந்திருந்தால், நீங்கள் போட்ட கணக்கும் பொய்க்கணக்குதானே? சீட்டாட்டத்தில் ஒருவன் கள்ளச்சீட்டு வைத்திருந்தான் என்பது எட்டு வருஷம் கழித்துத் தெரிகிறது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆட்டத்தைத் திருப்பி ஆட முடியாதே!

எதிரணிச் சகோதரி, "2010இல் டெல்லி காமன்வெல்த் போட்டியில் அவர் தங்கம் வாங்கினாரே, அவர் என்ன உடைந்தா போனார்?" என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. என் அணித் தலைவர் முறைத்தாலும் ஒத்துக்கொள்கிறேன். நம் டெல்லியில், அவர் மொத்தம் 285 கிலோ தூக்கினார். பெய்ஜிங்கைவிட 16 கிலோ கூடுதல். அதே போட்டியில் ஆண்கள் 105 கிலோ பிரிவில் அவருடைய சகோதரர் நியுசிலாவும் தங்கம் வாங்கினார். குடும்பமே இரும்பைத் தூக்கும் குடும்பம்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். டெல்லிக்கு அவர் வந்தது எப்படி? ஒலிம்பிக் வெள்ளி வென்றவராக அல்ல, ஒலிம்பிக்கில் நான்காவது வந்தவராக. 2012இல் லண்டன் தொடக்க விழாவில் சமோவாக் கொடியைத் தூக்கி நடந்தாரே, அன்றும் அவர் பெயருக்குப் பக்கத்தில் பதக்கம் இல்லை. ஒரு வீராங்கனையின் உடம்பு உச்சத்தில் இருக்கும் காலம் எவ்வளவு என்று இங்கே விளையாடியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். அந்தக் காலம் முழுக்க அவர் 'ஒரு கிலோவில் கோட்டை விட்டவர்'. டெல்லித் தங்கம் அவர் உழைத்துச் சம்பாதித்தது. அதைக் கொண்டுவந்து பெய்ஜிங் கணக்கில் வரவு வைக்காதீர்கள்.

சமோவாவைப் பற்றி இன்னொன்று சொல்கிறேன். 2011 டிசம்பரில் அந்த நாடு, தேதி மாறும் எல்லையான சர்வதேசத் தேதிக் கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியது. 29ஆம் தேதி வியாழன் ராத்திரி படுத்தவர்கள் எழுந்தபோது 31ஆம் தேதி சனிக்கிழமை. நடுவில் வெள்ளிக்கிழமையே இல்லை! ஒரு நாடு ஒரு வெள்ளியைத் தொலைத்தது, சரி, அது அவர்களே விரும்பிச் செய்தது. இந்தப் பெண்ணின் வெள்ளியை எட்டு ஆண்டுகள் ஒளித்து வைத்தது யார்? அவரைக் கேட்டா செய்தார்கள்?

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். எதிரணியினர் வீட்டுக்குப் போனதும் பெய்ஜிங் பரிசளிப்பு விழாவின் காட்சியை ஒருமுறை போட்டுப் பாருங்கள். மேடையில் மூன்று பெண்கள் நிற்பார்கள். மூன்று கொடிகள் ஏறும். கொரியா, உக்ரைன், கஜகஸ்தான். 2016இல் மட்டுமல்ல, இன்றைக்குப் போட்டாலும் அதே மூன்று கொடிகள்தான் ஏறும்.

நன்றி, வணக்கம்.